எச்சில் கல்லுக்கு என்ன நம்பர்?

சிறுநீரகத்தில் கல் வரும், தெரியும். பித்தப்பையில் கல் வரும், அதுவும் தெரியும். அரிசியில் கல் வரும், அது கடித்தால் தெரியும்! நாக்குக்கு அடியிலேயே கல் விளையும் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

விளைகிறது சார்! எச்சில் ஊறும் சுரப்பியிலிருந்து வாய்க்கு வருகிற குழாயில், கடுகு சைஸில் ஆரம்பித்து, அபூர்வமாகப் புளியங்கொட்டை சைஸ் வரைக்கும் கல் வளர்கிறது. இலையில் எலுமிச்சை ஊறுகாயைப் பார்த்ததுமே உங்களுக்கும் எனக்கும் எச்சில் ஊறும். கல் இருக்கிறவருக்கோ தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழமே முளைத்துவிடும். ஊறிய எச்சில் வெளியே வர வழியில்லாமல் சுரப்பி வீங்குகிறது. விண் விண்ணென்று வலி. சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரத்தில் வீக்கம் தானாக வடிந்துவிடும். 'போச்சுடா சாமி' என்று நிம்மதியாக இருந்தால், ராத்திரி டிபனுக்கு மறுபடி ஆஜர்!

இவ்வளவு சொல்வதால் என்னை டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். நான் வெறும் விலங்கியல் பட்டதாரி. சென்னையில் ஓர் ஏ.ஸி. அறையில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்காவில் யாரோ ஒருவர் வாயிலிருந்து எடுத்த கல்லுக்கு நம்பர் போடுகிறவள். உத்தியோகத்தின் பெயர் 'மெடிக்கல் கோடர்'.

இதை என் அத்தைக்குப் புரிய வைப்பதற்குள் நான் பட்ட பாடு இருக்கிறதே...

"என்னடி வேலை பாக்கறே?"

"மெடிக்கல் கோடிங் அத்தை."

"கோடா? கோடு போடறதுக்கா காலேஜ்ல மூணு வருஷம் படிச்சே?"

"அந்தக் கோடு இல்ல அத்தை. வியாதிக்கு நம்பர் போடறது."

"வியாதிக்கு மருந்துதானே போடுவாங்க? நம்பர் போட்டா சரியாயிடுமா?"

வியாதி சரியாகாது. ஆனால் பில் சரியாகும். பில் சரியாகவில்லையென்றால் வியாதியைவிடப் பெரிய வலி அதுதான்!

பரோட்டாவுக்குச் சொந்தமில்லை

முதலில் கல்லைப் பார்த்துவிடுவோம். நம் வாய்க்குப் பெரிய எச்சில் சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னால் 'பரோட்டிட்' (பரோட்டாவுக்கும் இதற்கும் உறவு கிடையாது). தாடைக்கு அடியில் 'சப்மாண்டிபுலர்'. நாக்குக்கு அடியில் 'சப்லிங்குவல்'. எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுரப்பது அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை.

கல் அதிகம் விளைகிற இடம் தாடையடிச் சுரப்பி. பத்துக் கல்லில் எட்டு இங்கேதான். காரணம் இருக்கிறது. இந்தச் சுரப்பியின் எச்சில் கொஞ்சம் கொழகொழப்பு. சுண்ணாம்புச் சத்தும் அதிகம். போதாக்குறைக்கு, குழாய் கீழேயிருந்து மேல் நோக்கிப் போகிறது. மேட்டுக்குத் தண்ணீர் ஏறுவதுபோல் எச்சில் மெதுவாக ஏறும்போது, அடியில் கால்சியம் பாஸ்பேட் படிந்து படிந்து கல்லாகிறது. 1656-ல் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கிலேய டாக்டர் இந்தக் குழாயைப் பற்றி விவரமாக எழுதினார். அதனால் இன்றைக்கும் அது 'வார்ட்டன் குழாய்'.

சின்னக் கல்லாக இருந்தால் நிறையத் தண்ணீர் குடித்து, புளிப்பு மிட்டாய் சப்பி, சுரப்பியை மெள்ள நீவிவிட்டாலே வெளியே வந்து விழுந்துவிடும். வராவிட்டால் டாக்டர் எடுக்கவேண்டும். எடுத்த பிறகுதான் என் வேலை ஆரம்பம்.

ஒரு கல், நான்கு நம்பர்

அமெரிக்காவில் டாக்டர் 'கல்லை எடுத்தேன், காசைக் கொடு' என்று கேட்க முடியாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இரண்டு விதமான எண் அனுப்பவேண்டும். ஒன்று, என்ன வியாதி. இன்னொன்று, என்ன செய்தீர்கள். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதுபோல இரண்டும் பொருந்தவேண்டும். கல் என்று சொல்லிவிட்டுக் கண் ஆபரேஷன் நம்பரைப் போட்டால் கம்ப்யூட்டர் அப்படியே திருப்பி அடித்துவிடும்.

வியாதி எண் வரிசைக்கு வயது அதிகம். 1893-ல் ஷாக் பெர்டில்லான் என்ற பாரிஸ்காரர், எந்தக் காரணத்தால் எத்தனை பேர் சாகிறார்கள் என்று கணக்கெடுப்பதற்காகத் தயாரித்த பட்டியல்தான் இதற்குப் பாட்டன். செத்தவர் கணக்குக்குப் பிறந்தது, இன்றைக்கு இருப்பவர் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருக்கிறது! அதில் எச்சில் கல்லின் விலாசம் கே 11.5.

செய்த வேலைக்கான எண்களை அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966-லிருந்து வெளியிடுகிறது. 'சி.பி.டி.' என்று பெயர். ஐந்து இலக்கம். இங்கேதான் விளையாட்டு.

உண்மையான நோயாளியைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது. அமெரிக்காவில் 1996-ல் வந்த சட்டம் அதற்கு இருக்கிறது. ஆபீஸுக்குள் செல்போனுக்கே இடமில்லை, துண்டுக் காகிதம்கூடக் கொண்டுபோக முடியாது. ஆகவே நம் வசதிக்கு ஒரு கற்பனை ஆசாமியைப் பிடிப்போம். ஜான் துரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜான் துரையின் கல்லை வாய் வழியாக, சிக்கலில்லாமல் எடுத்தால் 42330. மூன்று சுரப்பிகளில் எதுவாக இருந்தாலும் இதே எண்.

தாடையடிச் சுரப்பியின் கல், வாய் வழியாகத்தான் எடுத்தார்கள், ஆனால் சிக்கலான ஆபரேஷன் என்றால் 42335.

காதோரச் சுரப்பியின் கல். அதை வெளியே கன்னத்துப் பக்கம் கீறி எடுத்தாலோ, வாய் வழியாகவே சிக்கலோடு எடுத்தாலோ 42340.

கல்லோடு சேர்த்துத் தாடையடிச் சுரப்பியையே எடுத்துவிட்டால் 42440.

ஒரே ஜான் துரை. ஒரே வாய். எண்ணைப் பொறுத்து டாக்டருக்கு வரும் பணமும் மாறும், ஜான் துரை தன் கையிலிருந்து கட்டவேண்டிய பங்கும் மாறும். ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை நாள் டாக்டர் இலவசமாகப் பார்க்கவேண்டும் என்பதும் எண்ணோடு ஒட்டிக்கொண்டே வரும். சின்ன ஆபரேஷனுக்கு அதே நாள் அல்லது 10 நாள், பெரிய ஆபரேஷனுக்கு 90 நாள் என்பது அரசாங்கத்தின் மெடிகேர் கணக்கு. பந்தியில் உட்கார வைத்துவிட்டுப் பாயசத்துக்குத் தனியாகக் காசு கேட்க முடியாது அல்லவா, அதுமாதிரி.

குழாய்க்குள் மெல்லிசான கேமராவை விட்டுக் கல்லை எடுக்கிற முறையும் வந்தது. ஆனால் புது வைத்தியம் வருகிற வேகத்தில் புது எண் வருவதில்லை. ரொம்ப வருஷம் அதை 42699 என்ற 'இதர வகை' எண்ணில்தான் போட்டோம். நம் ஊர் விண்ணப்பத்தில் கடைசியில் 'இதர' என்று ஒரு கட்டம் இருக்குமே, அது! அந்த எண்ணைப் போட்டால் கூடவே ஒரு கடிதம், ஆபரேஷன் குறிப்பு, 'ஏறக்குறைய இந்த ஆபரேஷன் மாதிரி' என்று ஓர் ஒப்பீடு, எல்லாம் அனுப்பவேண்டும்.

எழுதாதது நடக்காதது

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்களுக்கு ஓதப்படுகிற மந்திரம் இதுதான்: 'எழுதாதது நடக்காதது'.

டாக்டர் ஒன்றரை மணி நேரம் வியர்த்து விறுவிறுத்து, நாக்கு நரம்பில் கத்தி படாமல், சுரப்பிக்குப் பக்கத்தில் ஆழத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கல்லை எடுத்திருப்பார். அலுப்பில் குறிப்பில் 'கல் அகற்றப்பட்டது' என்று இரண்டே வார்த்தை எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். எங்களைப் பொறுத்தவரை அது சிக்கலில்லாத கல்தான். 'பாவம், கஷ்டப்பட்டிருப்பார்' என்று நாங்களாக 42335 போட முடியாது.

சரி, டாக்டரையே கேட்கலாமே? கேட்கலாம். அதற்கும் சட்டதிட்டம் உண்டு. "டாக்டர், ஆபரேஷன் சிக்கலாத்தானே இருந்துச்சு?" என்று எடுத்துக் கொடுக்கக்கூடாது. "ஆபரேஷனில் கண்டதைக் கூடுதலாக விவரிக்கவும்" என்று மட்டும்தான் கேட்கலாம். கோர்ட்டில் சாட்சிக்கு வக்கீல் பதிலை ஊட்டக்கூடாது என்பார்களே, அதே கதை.

சந்தேகத்துக்கும் எண் கிடையாது. வெளிநோயாளியாக வந்தவர் சீட்டில் டாக்டர் 'கல்லாக இருக்கலாம்' என்று எழுதினால் கே 11.5 போடக்கூடாது. வீக்கம், வலி என்று தெரிந்ததற்கு மட்டும்தான் எண். காரணம் இருக்கிறது. 'இருக்கலாம்' என்பதை 'இருக்கிறது' என்று நான் இங்கே தட்டிவிட்டால், ஜான் துரை இல்லாத வியாதியைத் தன் ரிக்கார்டில் சுமந்துகொண்டு திரியவேண்டும். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் போவதில்லை. ஆனாலும் என் விரல் அவர் தலையெழுத்தில் ஒரு வரி எழுதுகிறது. இதை நினைத்தால் சில சமயம் டீ தொண்டையில் நிற்கும்.

வேண்டுமென்றே பெரிய எண் போட்டு ஏமாற்றுகிறவர்கள் இல்லையா என்பீர்கள். இருக்கிறார்கள். அரசாங்கக் காசில் அப்படிக் கை வைத்தால் பிடிக்கிற சட்டம் 1863-ல் வந்தது. உள்நாட்டுப் போரின்போது ராணுவத்துக்குச் சரக்கு விற்ற வியாபாரிகள் அடித்த கொள்ளையைத் தடுக்க ஆபிரகாம் லிங்கன் காலத்தில் போட்ட சட்டம். அது இன்று ஆஸ்பத்திரி பில்லுக்கும் பாய்கிறது. ஏமாற்றிய தொகையைப் போல மூன்று மடங்கு கக்க வேண்டியிருக்கும், அபராதம் தனி!

மாமியாருக்கும் நம்பர் உண்டு

எந்நேரமும் கல்லும் வீக்கமும்தானா என்று பரிதாபப்படாதீர்கள். சிரிப்பும் உண்டு.

2015 அக்டோபர் 1-ம் தேதி அமெரிக்கா பழைய எண்களைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது வரிசைக்கு மாறியது. சுமார் 14,000 ஆக இருந்த வியாதி எண்கள் ஒரே ராத்திரியில் 68,000-ஐத் தாண்டின. பழைய புத்தகத்தில் எச்சில் கல் 527.5. அது கே 11.5 ஆயிற்று. கடைசி ஐந்து மட்டும் வேலைக்குப் பங்கமில்லாமல் தப்பித்தது!

புது வரிசையைப் படித்தபோது எங்கள் செக்ஷனே விழுந்து விழுந்து சிரித்தது. வாத்து மோதிக் காயம் பட்டால் அதற்கு ஓர் எண்: டபிள்யூ 61.62. ஜெட் என்ஜின் உள்ளே இழுத்துக்கொண்டால் அதற்கும் எண்: வி 97.33. அதிலும் ஒரு விசேஷம், இழுக்கப்பட்டவர் 'இரண்டாம் தடவை செக்-அப்புக்கு வந்தால்' என்று தனிக் குறியீடு வேறு. ஆயுள் ரேகை கெட்டி!

எல்லாவற்றுக்கும் சிகரம், இசட் 63.1. சம்பந்தி வீட்டாரோடு, அதாவது மாமியார் மாமனார் வகையறாவோடு உறவில் பிரச்னை! அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டியதும் பக்கத்து சீட் தோழி சொன்னாள்: "இதுக்கு மட்டும் இன்சூரன்ஸ் பணம் கொடுத்தா, நான் வேலையை விட்டுட்டு வீட்டிலேயே இருந்துடுவேன்."

ஒவ்வொரு அக்டோபரிலும் வியாதி எண்கள் புதுப்பிக்கப்படும். ஊரே ஆயுத பூஜைக்குப் புத்தகத்தை அடுக்கி வைத்துப் படிக்காமல் இருக்கும்போது நாங்கள் புதுப் புத்தகத்தைப் பிரித்துவைத்துப் படிப்போம். சரஸ்வதி மன்னிப்பாளாக.

இப்போது குறிப்பைப் படித்துவிட்டு எண்ணைத் தானே எடுத்துக்கொடுக்கிற கம்ப்யூட்டர் புரோகிராமும் வந்துவிட்டது. "உங்க வேலை போயிடுமா?" என்று கேட்கிறார்கள். டாக்டர் எழுதாத வார்த்தையை மெஷினாலும் படிக்க முடியாது என்பதுதான் இப்போதைக்கு என் பதில்.

பல்லே இல்லாதவருக்குப் பல் வைத்தியம்

இதெல்லாம் அமெரிக்கா சமாசாரம், நமக்கென்ன என்கிறீர்களா? என் சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

அரிசி மில்லில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் அவர். தஞ்சாவூர்ப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். வத்தக்குழம்பு என்றால் உயிர். போன வருஷம் வத்தக்குழம்பைக் கண்டாலே தாடை வீங்க ஆரம்பித்தது. தாடையடிச் சுரப்பிக் குழாயில் கல். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் முகத்தாடை அறுவை நிபுணர் வாய் வழியாக எடுத்தார். காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டார். மகன் எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸ் பாலிசி இருக்கிறதே என்ற தைரியத்தில் கையிலிருந்த ரூ.48,000-ஐக் கட்டினார்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. 'பல் சிகிச்சைக்கு பாலிசியில் இடமில்லை. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.'

சித்தப்பா போனில் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

"ஏம்மா, எனக்குப் பல்லே கிடையாதேம்மா! மேல கீழ ரெண்டும் செட்டு. ராத்திரி கழட்டி டம்ளர்ல போட்டு வெக்கறேன். இல்லாத பல்லுக்கு என்னம்மா வைத்தியம்?"

"பேப்பரையெல்லாம் போட்டோ பிடிச்சு அனுப்பச் சொல்லுங்க சித்தப்பா. நான் பாக்கறேன்."

பார்த்தேன். நம் ஊர் கிளைம் படிவத்திலும் ஆஸ்பத்திரி நிரப்பவேண்டிய பக்கத்தில் வியாதி எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு. அங்கே 'முதன்மை வியாதி' என்ற இடத்தில் கே 08.1 என்று போட்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? பல் இழப்பு!

எப்படி வந்தது? டாக்டர் பரிசோதனைக் குறிப்பில், 'பற்கள் இல்லை, பல் செட் அணிகிறார்' என்று கடமையாக எழுதியிருக்கிறார். பில் போடுகிற சீட்டில் யாரோ, கண்ணில் பட்ட முதல் விஷயத்துக்கு எண்ணைப் போட்டுவிட்டார்கள். கே 11.5 எங்கேயும் காணோம். டிஸ்சார்ஜ் சீட்டிலோ 'வாய்க்குள் அறுவை' என்பதோடு சரி. எடுத்தவர் முகத்தாடை நிபுணர். பல் டாக்டர் படிப்பிலிருந்து மேலே போய்ப் படித்தவர். இன்சூரன்ஸ்காரர் கூட்டிக் கழித்துப் பார்த்தார், பல் வைத்தியம் என்று விடை வந்தது.

கவனித்தீர்களா? அந்தக் காகிதத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சித்தப்பாவுக்குப் பல் இல்லாதது நிஜம். வாய்க்குள் அறுவை நடந்தது நிஜம். நிஜம் தப்பான கட்டத்தில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். அதற்கு விலை ரூ.48,000.

நல்லவேளை, ஆபரேஷன் குறிப்பில் டாக்டர் கச்சிதமாக எழுதியிருந்தார். எந்தச் சுரப்பி, எந்தப் பக்கம், எந்த வழி, கல்லின் அளவு, எல்லாம். அதன் நகலை வாங்கினோம். அதற்கு ஒத்தபடி டிஸ்சார்ஜ் சீட்டையும் எண்ணையும் திருத்தி டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஸ்கேன் ரிப்போர்ட்டும் சேர்ந்தது.

இன்னொரு விஷயமும் உதவியது. 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் என்பது பொது விதி. ஆனால், ஒரே நாளில் முடிகிற 'டே கேர்' சிகிச்சை என்று ஒரு நீளமான பட்டியல் பாலிசியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். எச்சில் சுரப்பி, எச்சில் குழாய் அறுவைகள் என்று தனித் தலைப்பே போட்டிருந்தான் புண்ணியவான்! அந்த வரியைக் கோடு போட்டுக் காட்டி, மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தோம். (அத்தை சொன்ன 'கோடு' அன்றைக்குத்தான் நிஜமாகவே போட்டேன்.)

பணம் வந்தது. கையுறை, பஞ்சு, ஊசிக்குழல் இத்யாதிகளைக் கழித்துக்கொண்டு மீதி.

"ஏம்மா, கிளவுஸுக்குக் காசு தரமாட்டாங்களாம். டாக்டர் வெறுங்கையாலயா வாய்க்குள்ள கைய விடுவாரு?" என்றார் சித்தப்பா. இதற்கு என்னிடம் பதில் இல்லை. எந்தப் புத்தகத்திலும் எண்ணும் இல்லை.

நீங்கள் செய்யவேண்டியது

எச்சில் கல்லுக்கு மட்டுமல்ல, எந்த ஆபரேஷனுக்கும் இது பொருந்தும்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன் டிஸ்சார்ஜ் சீட்டை அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். என்ன வியாதி, எந்த உறுப்பு, எந்தப் பக்கம், எந்த வழியாக, என்ன செய்தார்கள், இந்த ஐந்தும் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள். நடந்ததை எழுதச் சொல்லுங்கள். நடக்காததை எழுதச் சொல்லாதீர்கள், அது வேறு கேஸ்.

ஆபரேஷன் குறிப்பின் நகல் தனியாக வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு சுருக்கம், இதுதான் விவரம்.

கிளைம் படிவத்தில் ஆஸ்பத்திரி நிரப்பிய பக்கத்தையும் நகல் எடுத்து வையுங்கள். எண் புரியாவிட்டால், "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று பில் கவுன்ட்டரிலேயே கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நிராகரித்துக் கடிதம் வந்தால் அதோடு கதை முடிந்ததென்று பீரோவில் பூட்டாதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதம் பதிலே இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 'ஆம்பட்ஸ்மேன்' என்பார்கள். சென்னையிலும் ஆபீஸ் உண்டு. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஒரு வருஷத்துக்குள் போகவேண்டும், அது முக்கியம்.

சித்தப்பா இப்போது பழையபடி வத்தக்குழம்பு சாப்பிடுகிறார். டாக்டர் எடுத்துக் கொடுத்த கல்லைச் சின்ன டப்பாவில் போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறார். டப்பாவின் மேல் என்னிடம் கேட்டு எழுதி ஒட்டியிருக்கிறார்: 'கே 11.5'. பழைய கணக்குப்பிள்ளை அல்லவா, சீட்டு ஒட்டாமல் எதையும் எடுத்து வைக்க மாட்டார்!